கரண்ட் வந்த வேகத்தில் மறுபடி போவது ஏன்? ட்ரான்ஸ்ஃபார்மரை 'சார்ஜ்' செய்யும்போது நடப்பது என்ன?

"காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை." மாதாந்திரப் பராமரிப்புக்காக இப்படி ஓர் அறிவிப்பு வராத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் அப்படி ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி இரண்டைத் தாண்டுகிறது. டீக்கடை ஃபேன் இரண்டு சுற்று சுற்றுகிறது. "அப்பாடா, வந்துடுச்சு" என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி வருகிறது. இந்த முறை நிலைக்கிறது.

"அஞ்சு மணி நேரம் நிறுத்தி என்னதான் வேலை பார்த்தாங்க?" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. சில நேரம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால், எந்தப் பழுதும் இல்லாமலேயே இப்படி நடக்க வாய்ப்பு உண்டு. மின்சாரக் கருவிகளைக் காப்பதற்காக வைத்திருக்கும் ரிலே, பழுது இல்லாததைப் பழுது என்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடும். மின்பொறியாளர்கள் இதை 'நியூசன்ஸ் ட்ரிப்பிங்' என்கிறார்கள். தமிழில் சொன்னால் வீண் துண்டிப்பு.

பெயரைக் கேட்டால் சின்னத் தொந்தரவு போலத் தெரியும். ஆனால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அந்த நொடியில் இருக்கும் கேள்வி சின்னது இல்லை. இது வீண் துண்டிப்பா, உண்மையான பழுதா? தெரியாமல் மறுபடி சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்?

ரிலே ஏன் ஏமாறுகிறது, ஏமாறாமல் இருக்க என்ன வழி, ஏமாந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், கரண்ட் எந்த வழியாக வருகிறது?

அனல் மின்நிலையமோ காற்றாலையோ, எங்கே உற்பத்தியானாலும் மின்சாரம் நீண்ட தூரம் பயணிப்பது உயர் அழுத்தத்தில்தான். ஊருக்கு அருகில் உள்ள துணை மின்நிலையத்தில் அந்த அழுத்தம் குறைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பல துணை மின்நிலையங்களில் 110 கிலோவோல்ட் மின்சாரம் 11 கிலோவோல்ட்டாக மாறுகிறது. அங்கிருந்து 'ஃபீடர்' எனப்படும் தனித்தனிப் பாதைகளில் ஊர்களுக்குப் போகிறது. கடைசியில் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் அதை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாகத் தருகிறது.

தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பெரும்பாலும் ஃபியூஸ்தான் காவல். துணை மின்நிலையத்தில் இருக்கும் பெரிய பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் விஷயம் வேறு. அதன் விலை கோடிகளில். உள்ளே பல ஆயிரம் லிட்டர் எண்ணெய். ஒன்று எரிந்துபோனால் கடைக்குப் போய் உடனே வாங்கி வந்துவிட முடியாது. செய்து, சோதித்து, கொண்டுவந்து நிறுத்தப் பல மாதங்கள் ஆகும். அதனால் அதற்குக் காவலும் பலமாக இருக்கும்.

நிறுத்திவைத்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மறுபடி மின்சாரம் கொடுப்பதைத்தான் மின்வாரிய ஊழியர்கள் 'சார்ஜ் பண்றது' என்கிறார்கள். செல்போனுக்கு சார்ஜ் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா நிற்கும் இரும்புக்கும் செம்புக்கும் உயிர் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

ட்ரான்ஸ்ஃபார்மரை யார் காவல் காக்கிறார்கள்?

முக்கியமான காவலர்கள் இருவர். முதலாமவர் 'டிஃபரன்ஷியல் ரிலே'. இதன் வேலை ஒருவகையில் கணக்குப்பிள்ளை வேலை. உள்ளே போன கரண்ட் எவ்வளவு, வெளியே வந்த கரண்ட் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளந்து, அழுத்த மாற்றத்துக்கு ஏற்றபடி சரிசெய்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு இடித்தால், இடையில் எங்கேயோ கரண்ட் தப்பி ஓடுகிறது என்று அர்த்தம். உடனே பிரேக்கருக்கு உத்தரவு போகும். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் இருவரும் 1904-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

இரண்டாமவர் 'புக்கோல்ஸ் ரிலே'. ஜெர்மானியரான மேக்ஸ் புக்கோல்ஸ் 1921-ல் உருவாக்கியது. உள்ளே சூடோ தீப்பொறியோ ஏற்பட்டால் எண்ணெய் சிதைந்து வாயு உண்டாகும். அந்த வாயுவையும், எண்ணெய் திடீரென்று பாய்வதையும் கவனித்து இது எச்சரிக்கும்.

இந்திய மின்பாதுகாப்பு விதிகளின்படி 1,000 கே.வி.ஏ. அல்லது அதற்கு மேற்பட்ட ட்ரான்ஸ்ஃபார்மர்களுக்கு வாயு அழுத்தப் பாதுகாப்பும், 10 எம்.வி.ஏ. அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு டிஃபரன்ஷியல் பாதுகாப்பும் கட்டாயம்.

இந்தக் காவலர்களுக்கு நிதானமாக யோசிக்க நேரம் கிடையாது. நம் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. டிஃபரன்ஷியல் ரிலே ஒன்றரை இரண்டு அலைகளுக்குள் முடிவெடுத்துவிடும். பிரேக்கர் திறக்க இன்னும் இரண்டு மூன்று அலைகள். மொத்தமும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கண் இமைத்துத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்து நிறைவேற்றமும் ஆகிவிடுகிறது.

சுவிட்ச் போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ட்ரான்ஸ்ஃபார்மரின் நடுவில் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய ஓர் உள்ளகம் இருக்கிறது. 'கோர்' என்பார்கள். அழுத்தம் மாறுவதெல்லாம் இந்தக் கோரில் காந்தப்புலம் முன்னும் பின்னும் அலைவதால்தான்.

ஒரு திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 20 அடி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 20 அடி வைக்கிறார். திரும்பி மறுபடி 20 அடி. கணக்குத் தப்பாதவரை விழ மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரில் காந்தப்புலம் இப்படித்தான் நடக்கிறது.

இப்போது அதே மனிதரைத் திண்ணையின் நடுவில் நிறுத்தி, "நட" என்கிறோம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் 20 அடி. பத்தாவது அடியில் திண்ணை முடிந்துவிடும். மீதிப் பத்து அடிக்கு இடமே இல்லை. கோருக்கும் இதே கதிதான். மின்னழுத்த அலை பூச்சியத்தைக் கடக்கும் நொடியில் சுவிட்ச் விழுந்தால், காந்தப்புலம் நடுவிலிருந்து புறப்பட்டு, வழக்கமான உச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்குப் போகப் பார்க்கும். எஃகு அவ்வளவைத் தாங்காது, பூரிதமாகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. முன்பு நிறுத்தியபோது கோரில் கொஞ்சம் காந்தத்தன்மை மிச்சம் தங்கியிருக்கும். அதாவது, நம் மனிதர் நடுவில்கூட இல்லை, ஏற்கெனவே நாலடி முன்னால் நிற்கிறார். ஆறாவது அடியிலேயே திண்ணை முடிந்துவிடும்.

கோர் பூரிதமானால், அதைச் சுற்றியிருக்கும் சுருள் கிட்டத்தட்ட வெறும் கம்பிச்சுருள் போல ஆகிவிடுகிறது. கரண்டைத் தடுக்க ஆள் இல்லை. அதனால் சட்டென்று பாய்கிறது. இதற்குத்தான் 'இன்ரஷ் கரண்ட்' என்று பெயர். பாய்ச்சல் மின்னோட்டம் எனலாம்.

எவ்வளவு பாயும்? ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் பரவலாக உள்ள 16 எம்.வி.ஏ., 110/11 கிலோவோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் ஓடும்போது 110 கிலோவோல்ட் பக்கம் அதன் கரண்ட் சுமார் 84 ஆம்பியர். லோடே இல்லாமல் சும்மா ஓடினால் அதில் 1 சதவீதம்கூட எடுக்காது, அதாவது ஒரு ஆம்பியருக்கும் குறைவு.

சார்ஜ் செய்யும் முதல் அலைகளில் மட்டும் கரண்ட் முழு லோடைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரை எகிறக்கூடும். எட்டு மடங்கு என்றால் 672 ஆம்பியர்! பிறகு அலைக்கு அலை குறைந்து, சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர்களில் ஒரு நொடிக்குள்ளும், பெரியவற்றில் பல நொடிகளிலும் அடங்கும். எந்தப் பழுதும் இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மரின் பிறவிக்குணம் அவ்வளவுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 'ஃபிளெமிங்கின் இடக்கை விதி' படித்திருப்பீர்களே, அதே ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங்தான் 1892-லேயே இந்தப் பாய்ச்சலைக் கவனித்துப் பதிவு செய்தவர்.

"சரி, அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நொடியாகப் பார்த்து சுவிட்ச் போட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் மின்சாரம் வருவது மூன்று ஃபேஸில். மூன்றின் அலைகளும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வருகின்றன. ஒன்றுக்கு நல்ல நேரம் என்றால் மற்ற இரண்டுக்கும் அப்படி இருக்காது. மூன்றையும் ஒரே நேரத்தில் மூடும் சாதாரண பிரேக்கரால் எல்லோருக்கும் முகூர்த்தம் பார்க்க முடியாது.

ரிலே எப்படி ஏமாறுகிறது?

சார்ஜ் செய்யும்போது 11 கிலோவோல்ட் பக்க பிரேக்கர் பொதுவாகத் திறந்தே இருக்கும். லோடு கிடையாது. அதனால் வெளியே போகும் கரண்ட் பூச்சியம். உள்ளே வருவதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர்.

கணக்குப்பிள்ளை ரிலேயின் நிலையிலிருந்து பாருங்கள். வரவு 672, செலவு பூச்சியம். முழு லோடு கரண்டில் 20 முதல் 30 சதவீதம் வித்தியாசம் வந்தாலே துண்டிக்கும்படி இந்த ரிலேக்களைப் பொதுவாக அமைப்பார்கள். நம் உதாரணத்தில் 17 ஆம்பியர் இடித்தாலே போதும். 600-க்கு மேல் இடிக்கும்போது அது சும்மா இருக்குமா? அதன் பார்வையில் இது பட்டப்பகல் கொள்ளை. துண்டித்துவிடும்.

அந்தக் காலத்தில் இதற்குச் செய்த வைத்தியம் எளிமையானது. சார்ஜ் செய்யும் நேரத்தில் ரிலேயைச் சற்றுத் தாமதப்படுத்துவார்கள், அல்லது மந்தமாக்கிவிடுவார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பராமரிப்பு முடிந்து முதல்முறை மின்சாரம் ஏறும் நேரம்தான் உண்மையான பழுது வெளிப்பட அதிக வாய்ப்புள்ள நேரம். உள்ளே மறந்துவைத்த ஒரு ஸ்பேனர், ஈரம் ஏறிய காப்பு, சரியாக முறுக்காத இணைப்பு, கழற்ற மறந்த எர்த் கம்பி... எல்லாம் அப்போதுதான் தெரியவரும். திருடன் வரக்கூடிய நேரமாகப் பார்த்துக் காவலரைத் தூங்கவைப்பது போன்றது அது.

இதற்குத் தீர்வே இல்லையா?

இருக்கிறது. அது கரண்டின் அளவில் இல்லை, அதன் வடிவத்தில் இருக்கிறது.

ஒரே ஸ்வரத்தை நாதஸ்வரத்திலும் வீணையிலும் வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எது எது என்று சொல்லிவிடுவோம். அடிப்படை ஸ்வரம் ஒன்றாக இருந்தாலும், அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்ஸ்தாயி அதிர்வுகளின் கலவை வேறு. கரண்டிலும் அப்படித்தான். உண்மையான பழுதில் பாயும் கரண்ட், இருபுறமும் ஏறி இறங்கும் ஒழுங்கான அலையாகவே பெரும்பாலும் இருக்கும். பாய்ச்சல் கரண்ட் ஒருபக்கம் மட்டும் கூராக எழும்பி, மறுபக்கம் தட்டையாகக் கிடக்கும். இப்படிக் கோணலான அலையில், 50 ஹெர்ட்ஸோடு அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸ் அதிர்வும் கணிசமாகக் கலந்திருக்கும். சங்கீத பாஷையில் சொன்னால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. பொறியாளர்கள் இதை 'செகண்ட் ஹார்மோனிக்' என்பார்கள்.

அமெரிக்கப் பொறியாளர்களான கென்னடி, ஹேவர்ட் இருவரும் 1938-ல் இந்த வித்தியாசத்தை வைத்தே ரிலேக்குக் காது கொடுத்தார்கள். கரண்டில் 100 ஹெர்ட்ஸ் அதிகமாகக் கேட்டால் "இது பாய்ச்சல், பொறு". கேட்காவிட்டால் "இது பழுது, வெட்டு". இன்றைய டிஜிட்டல் ரிலேக்களிலும் இந்த முறை தொடர்கிறது. 100 ஹெர்ட்ஸின் பங்கு 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டினால் துண்டிப்பை நிறுத்திவை என்பதுதான் வழக்கமான அமைப்பு.

அப்படியும் ஏன் வீணாக ட்ரிப் ஆகிறது?

காரணங்கள் பல. முக்கியமானவை இவை.

எஃகு மாறிவிட்டது: இன்றைய ட்ரான்ஸ்ஃபார்மர்களின் கோர் முன்பைவிட உயர்தரமானது, இழப்பு குறைவு. ஆனால் அவற்றின் பாய்ச்சல் கரண்டில் 100 ஹெர்ட்ஸின் பங்கு சில நேரம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. பழைய அளவுகோலை வைத்திருக்கும் ரிலே அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளும்.

சோதனையே சோதனையாவது: பராமரிப்பின்போது சுருளின் மின்தடையை அளக்க, அதில் நேர்மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். சோதனை முடிந்ததும் அந்த நேர்மின்னோட்டம் கோரில் காந்தத்தை விட்டுவிட்டுப் போகிறது. அதை நீக்காமல் சார்ஜ் செய்தால் பாய்ச்சல் வழக்கத்தைவிடப் பெரிதாகும். "சரியாத்தானே டெஸ்ட் பண்ணோம், அப்புறம் ஏன்?" என்று ஊழியர்கள் தலையைச் சொறிய வைக்கும் காரணம் இது.

பக்கத்து வீட்டுச் சண்டை: ஒரே நிலையத்தில் இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர்கள். ஒன்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்றை சார்ஜ் செய்கிறார்கள். புதிதாக வருவதன் கோணலான கரண்ட் பொதுவான பாதையின் அழுத்தத்தையும் சற்றுக் கோணலாக்க, ஓடிக்கொண்டிருந்ததன் கோரும் மெல்ல மெல்லப் பூரிதமாகிறது. கடைசியில் தொடாத ட்ரான்ஸ்ஃபார்மர் ட்ரிப் ஆகிறது! 'சிம்பதெடிக் இன்ரஷ்' என்று இதற்குப் பெயர். பக்கத்து வீட்டில் அழுதால் நமக்கும் கண் கலங்குவது மாதிரி.

மற்ற ரிலேக்கள்: டிஃபரன்ஷியல் ரிலே பொறுத்துக்கொண்டாலும், 110 கிலோவோல்ட் பக்கம் உள்ள ஓவர்கரண்ட் ரிலேயின் உடனடித் துண்டிப்பு அளவு பாய்ச்சலைவிடக் குறைவாக இருந்தால் அது வெட்டிவிடும். எண்ணெயை வடிகட்டி நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ்கள் மேலேறி, புக்கோல்ஸ் ரிலேயில் அலாரம் அடிப்பதும் உண்டு.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கரண்டை அளக்கும் சி.டி. வயர்களை யாராவது தலைகீழாக இணைத்திருந்தால், லோடு இல்லாமல் சார்ஜ் செய்யும்போது அது தெரியாமல் போகலாம். லோடு ஏற்றியதும் கணக்கு இடித்து ட்ரிப் ஆகும். சார்ஜ் செய்த நொடியில் விழுந்ததா, லோடு ஏற்றிய பிறகு விழுந்ததா என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

அப்போ, அடி அண்ணாமலை டீக்கடையில் ஃபேன் நின்றது எதனால்?

டீக்கடை வரை கரண்ட் வந்துவிட்டுப் போனது என்றால், பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி ஃபீடர் வரை விஷயம் வந்துவிட்டது என்று பொருள். அங்கேயும் இதே பாய்ச்சல்தான், சின்னச் சின்ன உருவில்.

ஒரு 11 கிலோவோல்ட் ஃபீடரில் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபீடருக்கு மின்சாரம் கொடுத்த நொடியில் அத்தனையும் சேர்ந்து பாய்ச்சல் கரண்டை இழுக்கும். அதோடு, அஞ்சு மணி நேரம் ஓடாமல் கிடந்த ஃப்ரிட்ஜ், ஏ.சி., தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் எடுக்கும். கிரிவலப் பாதையைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனால் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட விவசாயப் பம்புசெட்டுகள். மின்சாரம் வந்ததும் ஆள் இல்லாமலே அவை ஓடத் தொடங்கிவிடும். எல்லாம் சேரும்போது ஃபீடர் ரிலே "அதிக கரண்ட்" என்று வெட்டிவிடுகிறது.

அடுத்த பத்து நிமிடத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். எந்த ரிலே, எந்த ஃபேஸில் விழுந்தது என்று ஆபரேட்டர் பார்ப்பார். உதவிப் பொறியாளருக்குத் தகவல் போகும். லைனில் மரக்கிளையோ, அறுந்த கம்பியோ, வேலை பார்க்கும் ஆளோ இல்லை என்று உறுதி செய்வார்கள். தேவைப்பட்டால் வழியில் உள்ள ஏ.பி. சுவிட்சுகளைத் திறந்து, ஃபீடரைப் பகுதி பகுதியாக உயிர்ப்பிப்பார்கள். நமக்கு அது எரிச்சலூட்டும் தாமதம். லைனில் இருக்கும் ஒருவருக்கு அது உயிர்.

கோயில் ஊர்களில் இது கூடுதல் முக்கியம். தேர் வீதியில் வரும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நிலைக்கு வந்தபின் கொடுப்பது வழக்கம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததை மறக்க முடியாது. நிறுத்தாமல் இருக்க முடியாது. நிறுத்தினால், மறுபடி கொடுக்கும் நொடியையும் சந்தித்தே ஆகவேண்டும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும்போது, தெருவிளக்கு பத்து நிமிடம் அணைவது சாதாரண விஷயம் இல்லை.

ட்ரிப் ஆனதும் உடனே மறுபடி போட்டுவிடலாமா?

இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி இதுதான். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் பதில்: கூடாது. காரணம் தெரியும்வரை கூடாது.

"இன்ரஷ்ஷாத்தான் இருக்கும், இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்பது எளிதில் வரும் ஆசை. பத்தில் ஒன்பது முறை அது சரியாகக்கூட இருக்கலாம். பத்தாவது முறை உள்ளே உண்மையிலேயே சுருள் எரிந்திருந்தால், மறுபடி கொடுக்கும் மின்சாரம் அந்தத் தீக்கு எண்ணெய் வார்க்கும். வாயு பெருகி, டாங்க் வெடித்து, ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஆளும் இருப்பார்கள். இதனால்தான் டிஃபரன்ஷியல், புக்கோல்ஸ் துண்டிப்புகள் ஒரு பூட்டு ரிலே வழியாகப் போகும்படி அமைக்கப்படுகின்றன. ஒருவர் போய்ப் பார்த்துக் கையால் விடுவிக்கும்வரை பிரேக்கர் மூடாது.

பார்க்க வேண்டியது என்ன? டிஜிட்டல் ரிலே தன் நினைவில் அந்த நொடியின் அலைவடிவத்தைப் பதிந்துவைத்திருக்கும். ஒருபக்கக் கூம்புகளாக எழும்பி, அலைக்கு அலை குறைந்தால் பாய்ச்சல். இருபுறமும் குறையாமல் அடித்தால் பழுது. புக்கோல்ஸும் சேர்ந்து விழுந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. காப்பு மின்தடையை மெகர் வைத்து அளக்க வேண்டும். எண்ணெயில் கரைந்த வாயுக்களைப் பரிசோதிக்க வேண்டும். அதில் அசிட்டிலீன் இருந்தால் உள்ளே தீப்பொறி வந்ததற்கான அடையாளம். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே அடுத்த முயற்சி.

வீண் துண்டிப்பு என்று உறுதியானாலும் வேலை முடிந்துவிடாது. 100 ஹெர்ட்ஸ் அளவுகோலைத் திருத்துவது, ஒரு ஃபேஸில் பாய்ச்சல் தெரிந்தால் மற்ற ஃபேஸ்களையும் பொறுத்திருக்கச் சொல்வது, சோதனைக்குப் பின் காந்தத்தை நீக்குவது, ஒவ்வொரு ஃபேஸையும் சரியான நொடி பார்த்துத் தனித்தனியாக மூடும் பிரேக்கர் வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு. பொறுமையை அளவுக்கு மீறிக் கூட்டினால், உண்மையான பழுதின்போதும் ரிலே பொறுத்துக்கொண்டு நிற்கும்.

தவறாக விழுந்த ஒரு ரிலே என்ன செய்யும்?

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட இந்தியா இருண்டது. மறுநாள் மதியம் 1 மணி அளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சேர்ந்து சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இரண்டு நாளும் சரிவின் தொடக்கத்தில் இருந்தது பினா-குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை. அதில் பழுது எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய லோடை, தூரத்தில் நடந்த பழுது என்று அதன் ரிலே தவறாகக் கணித்துத் துண்டித்ததாக விசாரணையில் தெரியவந்தது. அது வேறு வகை ரிலே. மின்தொகுப்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்ததும் ஒரு காரணம். ஆனால் பாடம் ஒன்றுதான்: பழுதே இல்லாமல் விழும் ரிலேயும் நாட்டை இருட்டாக்க முடியும்.

அன்று தமிழ்நாடு தப்பியது. தென்மண்டலம் அப்போது தனித் தொகுப்பாக இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாக அது தேசியத் தொகுப்போடு இணைந்தது. இன்று நாமும் அதே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறோம்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய மின்தொகுப்பு விதிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. பாதுகாப்பு அமைப்புகளின் செயல்பாட்டுக்கு இரண்டு மதிப்பெண்கள் தனித்தனியாகப் போட வேண்டும். விழ வேண்டிய நேரத்தில் விழுந்ததா என்பது ஒன்று. விழக்கூடாத நேரத்தில் விழாமல் இருந்ததா என்பது மற்றொன்று. 220 கிலோவோல்ட் மற்றும் அதற்கு மேற்பட்ட நிலையங்களில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாள் தணிக்கையும் கட்டாயம். வீண் துண்டிப்பு என்பது சகித்துக்கொள்ளும் தொந்தரவு என்ற நிலை மாறி, கணக்குக் காட்ட வேண்டிய தவறு என்று ஆகியிருக்கிறது. ஊருக்கு மின்சாரம் தரும் சின்ன நிலையங்கள் வரைக்கும் இந்தப் பழக்கம் இறங்கி வரவேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

மின்தடை நேரத்தில் ஏ.சி., ஃப்ரிட்ஜ், மோட்டார் சுவிட்சுகளை அணைத்து வையுங்கள். கரண்ட் வந்ததும் முதலில் விளக்கு, ஃபேன். ஐந்து பத்து நிமிடம் நிலைத்த பிறகு மற்றவை. ஒரு வீடு செய்தால் பெரிதாகத் தெரியாது, ஒரு ஃபீடரே செய்தால் அது மறுபடி விழும் வாய்ப்பு குறையும். உங்கள் ஃப்ரிட்ஜும் பிழைக்கும்.

கரண்ட் வந்து வந்து போனால், மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம். "கரண்ட் இல்லை" என்பதோடு நிறுத்தாமல், "வந்த உடனே போச்சு" அல்லது "வந்து கொஞ்ச நேரம் கழிச்சுப் போச்சு" என்று சொல்லுங்கள். மேலே பார்த்தபடி, இரண்டுக்கும் காரணம் வேறு. எங்கே தேடுவது என்று வருபவருக்கு அது வழிகாட்டும்.

அடுத்த முறை ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றால், துணை மின்நிலையத்தில் ஒருவர் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், லைனில் ஒருவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடத்தை, "சீக்கிரம் போடுங்க சார்" என்று போன் செய்து ஐந்தாகக் குறைக்கவேண்டாம்.